ஊசிமுனையும் செவிச்சுவையும்

செவியால் வரும் செல்வத்தைப் பெரிதாக மதித்துப் போற்றியது தமிழ் மரபு. ஆயினும், அச்செல்வம் எக்கருவியின் வழியாக, யாருடைய உழைப்பின் வழியாக நம்மை வந்தடைகின்றது என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. பாட்டைக் கேட்கின்றோம், பாடியவரைப் புகழ்கின்றோம், இசைத்தட்டின் தவாளிப்பிலிருந்து அப்பாட்டை மீட்டெடுத்துத் தரும் ஊசியை மறந்துவிடுகின்றோம்.

மறக்கப்பட்ட அவ்வூசி இன்று மீண்டும் பேச்சுக்கு வந்துள்ளது. வழக்கொழிந்ததெனப் பலரும் கருதிய இசைத்தட்டு மீண்டும் கடைகளில் இடம்பிடித்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2020 ஆம் ஆண்டில் இசைத்தட்டு விற்பனையால் வந்த வருவாய், இறுவட்டு விற்பனையால் வந்த வருவாயை விஞ்சியது. 1986 க்குப் பின்னர் இவ்வாறு நிகழ்ந்தது அதுவே முதன்முறை. இசைத்தட்டும் அதனைச் சுழற்றும் கருவியும் வாங்கியவர் அடுத்துக் கேட்கும் கேள்வி, ‘என் சுவைக்கேற்ற காட்ரிட்ஜ் எது?’ என்பதாகும். ஊசியையும், ஊசியின் அசைவை மின்னாக மாற்றும் நுண்ணுறுப்பையும் தன்னுள் அடக்கி, தாங்குகையின் நுனியிற் பொருந்தியிருக்கும் சிறு பெட்டியே காட்ரிட்ஜ். இதமான ஒலி தருவது, துலக்கமான ஒலி தருவது என்று விளம்பரங்கள் அதனை வகைவகையாக வருணிக்கின்றன. விலையோ சில ஆயிரம் ரூபாவிலிருந்து பல இலட்சம் ரூபாவரை ஏறிச் செல்கின்றது.

கேள்வி நேர்மையான கேள்விதான். ஆனால், சுவை என்பதனை ஒவ்வொருவரும் பிறவியிலேயே உடன்கொண்டு வருவதாக அது கருதிக்கொள்கின்றது. ஊசியின் வரலாற்றை நோக்குமிடத்து உண்மை வேறாகத் தோன்றும். பொருளின் இயல்பும், வாங்குவோரின் பணவசதியும், உலகப் போரும்கூட மனிதரின் செவிச்சுவையை உருவாக்கியிருக்கின்றன. அவ்வரலாற்றை அறிந்தவரே தம் சுவையைத் தாமே தேர்ந்துகொள்ள வல்லவராவர்.

அரக்கும் உருக்கும்

தோமஸ் எடிசன் 1877 ஆம் ஆண்டில் அமைத்த கருவியிலே தகரத்தாள் சுற்றிய உருளை சுழன்றது. ஊசி மேலும் கீழுமாக அசைந்து ஒலியைப் பதிந்தது. ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பேர்லினர் 1887 இல் வேறொரு வழியைக் கண்டார். தட்டையான வட்டத்திலே ஊசி பக்கவாட்டாக அசைந்து செல்லும் தவாளிப்பே அவர் கண்டது. இம்மாற்றத்தின் சிறப்பு ஒலியில் மட்டும் இருக்கவில்லை. ஒரு தாய் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான தட்டுகளை அழுத்தி எடுக்கலாம் என்பதே அதன் பெருஞ் சிறப்பு. இசை ஆலையில் உற்பத்தி செய்யப்படும் பண்டமாயிற்று.

அப்பண்டத்தின் மூலப்பொருள் நமது அயல்நாட்டிலிருந்து சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலிருந்து தட்டுகளை ஒட்டிப் பிணைத்த பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரப்பது அது. சோட்டா நாகபுரிப் பீடபூமியின் ஆதிவாசி மக்கள் காட்டுக் கிளைகளிலிருந்து அரக்கைத் திரட்டினர். ஐரோப்பிய இசையரங்குகளிற் புகழ்பெற்ற பாடகரின் குரல், அவரைக் கேட்டறியாத இம்மக்களின் உழைப்பின்மீதே பதிந்து உலகெங்கும் சென்றது.

தட்டிலே அரக்கு சிறு பங்குதான். பெரும் பங்கு கற்பொடி. அப்பொடியே உருக்கு ஊசியைத் தேய்த்துத் தவாளிப்பின் வடிவுக்கு இசைவாக்கியது. எனவே, ஒரு பக்கம் ஒலித்து முடிந்ததும் ஊசியை எறிந்துவிட்டுப் புதிய ஊசியைப் பொருத்துதல் விதியாயிற்று. நூறு கிராமுக்கும் மேற்பட்ட பாரம் அச்சிறு முனையிலே தங்கியது. தட்டு ஊசியைத் தின்றது. தேய்ந்த ஊசி தட்டைத் தின்றது.

சுவைக்கேற்ப ஊசியைத் தேர்தல் என்னும் வழக்கம் தோன்றியதும் இக்காலத்திலேதான். உரத்த ஒலிக்கு ஒன்று, நடுத்தர ஒலிக்கு ஒன்று, மென்மையான ஒலிக்கு ஒன்று எனச் சிறு தகரப் பெட்டிகளில் ஊசிகள் விற்பனைக்கு வந்தன. தடித்த ஊசி அதிர்வை மிகுதியாகக் கடத்தியது. மெல்லிய ஊசி குறைவாகக் கடத்தியது. உருக்கின் கடுமையை விரும்பாதோர் மூங்கிற் கீற்றாலும், கள்ளி முள்ளாலும் ஆன ஊசிகளை நாடினர். அவை தேயத் தேயச் சிறு வெட்டியால் மீண்டும் கூராக்கிக்கொள்ளலாம். இங்கிலாந்திலே கொம்ப்டன் மெக்கென்சி 1923 இல் தொடங்கிய ‘கிராமபோன்’ என்னும் சஞ்சிகையின் வாசகரிடையே உருக்கா, நாரா என்ற வாதம் சூடாக நடைபெற்றது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஊசியைக் கூராக்குதற்குப் பொறுமையும் ஓய்வும் வேண்டும். ஓய்வு எல்லோர்க்கும் கிட்டும் பொருளன்று.

தமிழ்ப் பாட்டும் இவ்வூசியின் கீழேயே ஒலித்தது. 1902 இல் பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகரின் குரலைப் பதிவு செய்தார். 1908 இல் அந்நகரிலே தட்டு அழுத்தும் ஆலை எழுந்தது. அங்கு அழுத்தப்பட்ட தமிழ்த் தட்டுகள் கடல் கடந்து இலங்கைக்கும் வந்தன. நம் பாட்டன்மார் வீடுகளிற் கேட்ட இசைக்கு அரக்கும், கல்லும், உருக்கும் சேர்ந்தே உருவம் கொடுத்தன.

மின் வந்த பின்னர்

1925 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. வெஸ்டேர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியியலாளர் அமைத்த முறையினால் ஒலிவாங்கியைக் கொண்டு தட்டுகள் பதிவு செய்யப்பட்டன. குழலின் வாயருகே நெருங்கி நின்று உரத்துப் பாடவேண்டிய நிலை மாறிற்று. மெல்லிய குரலும் பதிவாகலாயிற்று. வீட்டிலும் ஊசியின் அதிர்வை மின்னாக மாற்றும் கருவிகள் வந்தன. பெரிய காந்தமும் இரும்புத் துண்டும் கொண்ட அவை முன்னையவற்றைப் போலவே பாரமாயிருந்தன.

இங்கு ஓர் உண்மையை உற்றுநோக்கவேண்டும். மின் விரியலாக்கியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு போதும். அத்திருகு வந்தபின் உரத்த ஊசி, மெல்லிய ஊசி என்ற பாகுபாடு பொருளிழந்தது. ஒரு தலைமுறை தன் சுவையெனக் கொண்டு வாதாடிய ஒன்று, உண்மையில் ஒரு கருவியின் குறைபாட்டுக்குக் கிடைத்த மாற்றுவழியே என்பது புலனாயிற்று.

பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் 1880 இல் ஓர் அரிய உண்மையைக் கண்டிருந்தனர்: சில பளிங்குகளை அழுத்தினால் அவற்றில் மின் தோன்றும். அரை நூற்றாண்டு கழித்து, 1930 களில், இவ்வுண்மை காட்ரிட்ஜாக உருப்பெற்றது. ரொஷேல் உப்பு எனப்படும் பளிங்கு மலிவானது, பாரம் குறைந்தது, விரியலாக்கியின் உதவியைச் சிறிதளவே வேண்டுவது. ஆயினும், ஏறத்தாழ 55 பாகை செல்சியசில் அது உருகத் தொடங்கும், ஈரக்காற்றிலும் கெடும். வெயிலும் மழையும் மிகுந்த நாடுகளுக்கு அது ஏற்றதன்று. பின்னர் அதனிடத்தைச் செயற்கையான பீங்கான் பளிங்குகள் பெற்றன.

1950 களிலும் 1960 களிலும் உலகெங்கும் தொழிலாளர் வீடுகளிலும் மாணவர் அறைகளிலும் இருந்த சிறு இசைத்தட்டுப் பெட்டிகளிற் பெரும்பாலானவை இத்தகைய காட்ரிட்ஜையே கொண்டிருந்தன. ஊசிமுனை செயற்கை நீலக்கல். பாரம் ஐந்து கிராமும் அதற்கு மேலும். அடித்தள ஒலியும் மேலொலியும் குன்றி, நடுவிலுள்ள குரல் முன்னே வந்து நின்றது. ஒரு முழுத் தலைமுறை ‘பாட்டு’ என்றால் இவ்வாறுதான் ஒலிக்கவேண்டும் எனக் கொண்டது. அவர்களைச் சுவையறியாதோர் எனல் பிழை. அவர்களது பணப்பை எட்டிய எல்லையிலே அவர்களது செவியும் பழகிற்று.

போரும் புதிய தட்டும்

இரண்டாம் உலகப் போர் ஆசியாவிலிருந்து அரக்குச் செல்லும் வழிகளைத் தடுத்தது. 1942 இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கின் அளவைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டுகள் திரட்டப்பட்டு மீண்டும் அரைக்கப்பட்டன. எத்தனை குரல்கள் அவ்வாறு அரைபட்டு அழிந்தன என்று யாரே கணக்கிட வல்லார்! அரக்குக்கு மாற்றாக வைனில் என்னும் செயற்கைப் பொருளின் பயன் பெருகிற்று.

1948 யூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேரத் தட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ஆர்.சி.ஏ. விக்டர் 45 முறை சுழலும் தட்டை வெளியிட்டது. வைனிலின் தவாளிப்பு நுண்ணியது. பழைய 78 தட்டுக்கு அங்குலத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரையுள்ள முனை பொருந்தியது. புதிய தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கே வேண்டியதாயிற்று. பாரமான ஊசியின் காலம் முடிந்தது. கற்பொடி இல்லாத அம்மென்பரப்பை நூறு கிராம் ஊசி ஒருமுறை உழுதாலே இசை போய்விடும்.

முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தட்டில் அடித்தள ஒலியைக் குறைக்கவும் மேலொலியைக் கூட்டவும் வெவ்வேறு அளவைக் கையாண்டது. ஒரு நிறுவனத்தின் தட்டு முழங்கியது, மற்றொன்றின் தட்டு கீச்சிட்டது என்று கேட்போர் கூறிய குறைகள் பல இவ்வேறுபாட்டால் விளைந்தவையே. 1954 இல் அமெரிக்கத் தட்டு உற்பத்தியாளரிடையே ஒரு பொது அளவு வகுக்கப்பட்டது; காலப்போக்கில் அதுவே உலக வழக்காயிற்று.

ஒரே தவாளிப்பில் இரு ஒலிவழிகளைப் பதியலாம் என்பதை இங்கிலாந்தின் அலன் புளூம்லைன் 1931 ஆம் ஆண்டின் தம் காப்புரிமை விண்ணப்பத்திலேயே விளக்கியிருந்தார். 1942 இல், போருக்கான ரேடார் கருவியைச் சோதிக்கும் பறப்பிலே விமானம் வீழ்ந்து அவர் இறந்தார். அவர் சிந்தையில் உதித்த தட்டு கடைக்கு வர 1957, 1958 ஆம் ஆண்டுகள் வரை உலகம் காத்திருந்தது. இத்தட்டிலே ஊசி பக்கவாட்டாகவும் மேலும் கீழுமாகவும் அசையவேண்டும். மேல்கீழாக நெகியாத பழைய காட்ரிட்ஜ் புதிய தட்டின் சுவர்களைக் கிழித்தது.

காந்தமும் சுருளும்

இன்று வாங்குவோர் முன்னுள்ள இரு பெரும் வகைகள் இச்சூழலிலே வளர்ந்தவை. முதலாவது, காந்தம் அசையும் வகை. 1950 களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் எலாக் நிறுவனமும் அமெரிக்காவின் ஷூர் நிறுவனமும் இதனை வளர்த்தன. ஊசியைத் தாங்கும் நுண்தண்டின் மறுமுனையிலே சிறு காந்தம் இருக்கும். சுற்றிலும் கம்பிச்சுருள்கள் நிலையாக நிற்கும். சுருளிற் பல சுற்றுகள் இருக்கலாம் ஆதலின் மூன்று முதல் ஐந்து மில்லிவோல்ற்றுவரை கிடைக்கும். ஊசி தேய்ந்தால் அப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம்.

இரண்டாவது, சுருள் அசையும் வகை. டென்மார்க்கின் ஓர்ட்டோபொன் நிறுவனம் 1959 இல் வெளியிட்ட எஸ்.பி.யூ. இவ்வகையிற் புகழ்பெற்றது. அசையும் சுருள் பாரமற்றதாயிருக்கவேண்டும் என்பதனாற் சுற்றுகள் சில. மின்னும் அரை மில்லிவோல்ற்றுக்கு உட்பட்டது. அதனைப் பெருக்கத் தனிக்கருவி வேண்டும். ஊசி தேய்ந்தால் பெரும்பாலும் காட்ரிட்ஜ் முழுவதையும் மாற்ற நேரும்.

சுருள் வகை துலக்கமானது, காந்த வகை இதமானது என்பது பொதுவழக்கு. அதற்குக் காரணம் உண்டு, மந்திரம் ஏதுமில்லை. பல சுற்றுள்ள சுருளானது, இணைப்புக் கம்பியிலும் விரியலாக்கியிலும் உள்ள கொள்ளளவத்தோடு கூடி மேலொலியை ஓரிடத்தில் உயர்த்தி, அதற்கப்பால் வீழ்த்தும். கம்பியை மாற்றினால் ஒலியும் மாறும். விலைமிகுந்த காட்ரிட்ஜ் வாங்கிப் பெற எண்ணிய மாற்றத்தைச் சில வேளைகளில் தகுந்த ஒரு கம்பியே தந்துவிடும். சுற்றுக் குறைந்த சுருளுக்கு இத்தொல்லை இல்லை.

இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது யப்பானின் டெனொன் டி.எல். 103. அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் தேவைக்காக 1960 களின் முற்பகுதியில் அது ஆக்கப்பட்டது. நிலையத்துக்கு நிலையம் ஒலி மாறலாகாது. எந்தத் தட்டையும் தடுமாறாது வாசிக்கவேண்டும். நாள்தோறும் உழைக்கவேண்டும் என்பவை அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள். எளிய உருண்டை முனை, 2.5 கிராம் பாரம். செல்வரின் வரவேற்பறைக்கென்று அது ஆக்கப்படவில்லை; பொதுமக்களின் வானொலிக்கென்றே ஆக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நடுத்தர விலையில் அது விற்பனையில் நிலைத்தது. பொதுத்தேவைக்கென நேர்மையாகச் செய்யப்பட்ட பொருள் காலத்தை வெல்லும் என்பதற்கு இது நற்சான்று.

வறிய இளைஞர் தேர்ந்த ஊசி

சுவையைக் கருவி உருவாக்கிற்று என்று மட்டும் கூறி அமைந்தால் வரலாற்றின் ஒரு பாதியையே கூறியவராவோம். மக்கள் தம் சுவையாற் கருவியின் பொருளை மாற்றியதும் உண்டு. 1973 ஆகஸ்டில் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியிலே கூல் ஹேர்க் என வழங்கிய இளைஞர், ஒரு விருந்தில் இரு தட்டுகளை மாறிமாறி ஒலிக்கவிட்டு, ஆடுவோர் விரும்பிய தாளப்பகுதியை நீட்டித்தார். சில ஆண்டுகளில் தட்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தாளமெழுப்பும் கலை அங்கு பிறந்தது. இசைக்கருவிகள் வாங்க வசதியற்ற கறுப்பின, லத்தீன் இளைஞர்க்கு இசைத்தட்டே வாத்தியமாயிற்று.

செல்வர் நாடிய நுண்ணிய காட்ரிட்ஜுகள் இக்கலைக்கு உதவவில்லை. அவை தவாளிப்பை விட்டுத் துள்ளின. ஷூர் நிறுவனத்தின் எம் 44-7 அவ்விளைஞரின் கைக்கு இசைந்தது. உருண்டை முனை, உறுதியான தண்டு, ஒன்பது மில்லிவோல்ற்றையும் தாண்டிய மின் ஆகியவற்றால் அது தவாளிப்பைப் பற்றிநின்று உரத்து ஒலித்தது. நுண்மை குறைந்ததெனச் சுவைஞர் ஒதுக்கிய கருவி ஒரு புதிய இசையின் கருவியாயிற்று. ஷூர் நிறுவனம் 2018 இல் காட்ரிட்ஜ் உற்பத்தியை நிறுத்தியபோது அதனைப் பெரிதும் வருந்தியோருள் இக்கலைஞர் முன்னின்றனர்.

தட்டுக்கேற்ற ஊசி

இவ்வரலாற்றிலிருந்து இன்று வாங்குவோர் பெறத்தக்க பாடம் யாது?

முதலாவது, காட்ரிட்ஜ் தனித்து நிற்கும் பொருளன்று, தாங்குகையோடு இணைந்தது. கையின் திணிவும் ஊசித்தண்டின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு பரிவு மீடிறனை ஆக்கும். அது செக்கனுக்கு 8 முதல் 12 அதிர்வுகளுக்குள் அமைதல் நன்று. அதற்குக் கீழே தட்டின் வளைவும் தரையின் நடுக்கமும் உள்ளன. மேலே இசை தொடங்குகின்றது. நெகிழ்வு மிகுந்த காட்ரிட்ஜ் இலேசான கையை வேண்டும், டி.எல். 103 போன்ற விறைப்பானது திணிவுள்ள கையை வேண்டும். பொருந்தாத இணைப்பில் விலையுயர்ந்த காட்ரிட்ஜும் தோற்கும்.

இரண்டாவது, முனையின் வடிவம். உருண்டை முனை மலிவானது. அமைப்பதில் நேரும் சிறு பிழையைப் பொறுப்பது. நீள்வட்ட முனை நுண்ணிய அதிர்வை மேலும் தெளிவாகத் தொடரும். 1970 களின் தொடக்கத்தில் யப்பானிலே நான்குவழி ஒலித்தட்டுக்காக ஆக்கப்பட்ட ஷிபாட்டா முனை தவாளிப்புச் சுவரை நீண்ட கோடாகத் தொடும். தட்டின் வெளிவிளிம்பில் தவாளிப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் ஓடுகின்றது. உள்விளிம்பிலோ 20 சென்ரிமீற்றர் அளவே. எனவே, பாட்டின் இறுதிப் பகுதியில் ஒலி கலங்குவதை வெறுப்போர் முனைக்குப் பணம் செலவிடுதல் தகும். குரலிசையை விரும்பி, பழைய தட்டுகளையே மிகுதியாகக் கேட்போர்க்கு நல்ல உருண்டை முனையோ நீள்வட்ட முனையோ போதும்.

மூன்றாவது, பாரம். குறைந்த பாரம் தட்டைக் காக்கும் என்பது பரவலான மயக்கம். விதித்த அளவிலும் குறைந்தால் ஊசி தவாளிப்பிலே துள்ளிச் சுவரைக் காயப்படுத்தும். வைர முனையும் சில நூறு முதல் ஆயிரம் மணி வரையே உழைக்கும். தேய்ந்த வைரம் உளியாகும்.

நான்காவதும் நம்மவர்க்கு முதன்மையானதும் ஒன்றுண்டு. வீட்டுப் பரணில் பாட்டன் காலத்து 78 தட்டுகள் கிடந்தால், அவற்றை நெடுநேரத் தட்டுக்குரிய ஊசியால் வாசித்தல் கூடாது. அவ்வூசி தவாளிப்பின் அடியிலே விழுந்து புழுதியையே வாசிக்கும். அவற்றுக்குரிய பெரிய முனை வேண்டும். ஒலி ஆவணக் காப்பாளர் பலவேறு அளவான முனைகளை வைத்துக்கொண்டு, முன்னைய ஊசிகள் தேய்க்காத சுவர்ப்பகுதியைத் தேடி ஒவ்வொரு தட்டுக்கும் ஏற்றதைத் தேர்ந்தெடுப்பர். நூறாண்டுக்கு முந்திய குரல் அவ்வாறு மீண்டெழுவதுண்டு.

இவ்வழக்கத்தில் நாம் தேடும் விடை அடங்கியிருக்கின்றது. காப்பாளர் ‘என் சுவைக்கேற்றது எது?’ என்று தொடங்குவதில்லை, ‘இத்தட்டுக்கேற்றது எது?’ என்று தொடங்குகின்றார். பாடியவரின் குரலுக்கும், அதனைப் பதிந்தவரின் அறிவுக்கும், அரக்கைத் திரட்டியவரின் உழைப்புக்கும் நீதி செய்தபின்னரே தம் விருப்பத்துக்கு இடமளிக்கின்றார். இலங்கை வானொலியின் புகழ்பெற்ற இசைத்தட்டுக் களஞ்சியம் முதல் ஊர்வீட்டுப் பெட்டிவரை, நம்மிடம் எஞ்சியுள்ள தட்டுகள் ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் சிறிது தேய்கின்றன. சிலவற்றுக்கு வேறு படி இல்லாதிருக்கலாம்.

எனவே, வாங்கப்புகும் நண்பர் விளம்பரத்தின் சொற்களை ஒருபுறம் வைத்துவிட்டுத் தம் தட்டுகளையும், தாங்குகையையும், விரியலாக்கியையும் முதலில் நோக்குவாராக. அவை மூன்றுக்கும் பொருந்துவனவற்றுள் தம் செவி விரும்புவதை அவர் தேர்ந்துகொள்ளலாம். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. செவிச்செல்வம் ஒருவர் தாமே கேட்டு மகிழ்வதோடு முடிவதன்று. அடுத்துக் கேட்க வருவோர்க்குச் சிதையாமல் விட்டுச்செல்லவேண்டியதும் ஆகும். அந்தப் பொறுப்பு முழுவதும் இன்று ஓர் ஊசிமுனையிலே தங்கியிருக்கின்றது.